பொருள்: இல்லாத பாலத்தைப் பழுதுபார்த்தல் – தொடர்பாக

ஏழாம் வகுப்பு ஆ பிரிவுப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு தாளும் ஒரு நீல மைப் பேனாவும் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் பாலம் கட்டினார்கள். ஒரு பிள்ளைகூட சிமெண்ட் மூட்டையைத் தொடவில்லை. அவர்கள் செய்த கனமான வேலை என்று பார்த்தால், இடது பக்கம் ஒன்றரை அங்குலம் இடம் விட்டதுதான். பாலம் இன்றைக்கும் நிற்கிறது. லாரி போகலாம்.

இதைக் கேட்டு முதலில் சிரித்தவர் ஏழாம் வகுப்பு டீச்சருடைய மாமனார். முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து இழுத்த மனிதர். ஊரில் எந்தச் சுவர் பக்கத்து மனையை நோக்கி நாலு விரற்கடை நகர்ந்து நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். தாமே அளக்காத எதையும் நம்ப மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மருமகளின் உயரத்தை அவர்கள் சொன்னதும், "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய்க் கதவு நிலையில் நிற்க வைத்துப் பார்த்தவர். அரை அங்குலம் குறைந்தது. இருபது வருடமாகியும் அதை மறக்கவில்லை.

கதை அவருடைய சிரிப்பில் ஆரம்பிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஆரம்பித்தது.

அது வெயில் காலத்தில் மூக்கைப் பொத்தவைக்கும். மழைக் காலத்தில் வாயைப் பொத்தவைக்கும். அக்கரையிலிருந்து பத்தொன்பது பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், பத்தொன்பதும் இதே வகுப்பு. சாலை வழியாக வந்தால் ஏழு கிலோமீட்டர் சுற்று. அதனால் யாரோ ஒரு புண்ணியவான், கழற்றிப் போட்ட பழைய கதவுகள் மூன்றை நீளவாக்கில் ஆணியடித்துச் சேர்த்துக் கால்வாயின் குறுக்கே போட்டிருந்தான். தாழ்ப்பாள்கூடக் கழற்றவில்லை. அந்தத் தாழ்ப்பாளில் கால் தட்டித்தான் போன மழையில் குண்டூசி விழுந்தாள்.

குண்டூசி என்பது வகுப்பு வைத்த பெயர். ஆளும் ஒல்லி, வாயும் கூர். மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டோடு வந்தாள். அவளுடைய அம்மா தையல்காரி. ஒருநாள் கழுத்தில் அளவு நாடா தொங்க, வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், மழைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஒரு வழி பொறந்தா சரி. இல்லேன்னா அக்கரைப் பிள்ளைங்க பத்தொன்பது பேரையும் நிறுத்திடறதுன்னு பேசி முடிச்சாச்சு."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நல்லாப் படிக்கிற பொண்ணு."

"படிப்பு வேணுந்தான் டீச்சர். கை காலோட வேணும்ல?"

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்தொன்பது பேர் போய்விட்டால் வகுப்பறையில் பாதி பெஞ்சு காலி. அதைவிட, குண்டூசி இல்லாத வகுப்பை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அந்தப் பெண் கேட்கிற கேள்விக்குப் பயந்துதான் டீச்சர் தினமும் வீட்டில் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தாள்.

"நகர அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தீங்களா?"

தையல்காரி பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பத்து மனுக்கள். பத்தும் திரும்பி வந்தவை. முதலாவதில் 'பொருள்' இல்லை. இரண்டாவதில் பொருள் இருந்தது. ஆனால் 'மதிப்பிற்குரிய' என்பதற்கு மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தது. நாலாவது கறுப்பு மை. ஆறாவதில் எல்லாம் சரி, நாலாக மடித்திருந்தார்கள். மூன்றாக மடிக்க வேண்டும். பத்தாவதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், 'மனுதாரரின் தொனி அவசரமாக உள்ளது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

பதினோராவது மனுவை டீச்சரே எழுதினாள். எழுதி, தையல்காரியைக் கூட்டிக்கொண்டு தானே நேரில் போனாள். மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கையில் ஓர் அடி ஸ்கேல் வைத்திருந்தார். மனுவை வாங்கியவர் அதைப் படிக்கவில்லை. அளந்தார்.

"மேல ரெண்டு அங்குலம், சரி. இடது பக்கம் ஒன்றரை, சரி. வலது பக்கம்..." ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தார். "முக்கால்தான் இருக்கு. ஒண்ணு வேணும்."

"சார், பிள்ளைங்க தினமும் அந்தக் கதவு மேல நடந்து வர்றாங்க. கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்."

ஸ்கேல்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவமானப்பட்டவர் போலிருந்தது முகம். "படிக்கறதா? அது மாடியில. இங்க அளக்கறது மட்டும்தான். நான் பாட்டுக்கு உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சா, எல்லார் கஷ்டமும் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் எப்படிம்மா நடுநிலையா அளக்கறது?"

வலது பக்கக் கால் அங்குலத்தில் பதினோராவது மனுவும் திரும்பியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீச்சர் புலம்பியபோது, மாமனார் கட்டிலில் கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு படுத்திருந்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகி மூன்று நாள். மூன்று மாதத்துக்கு வெளியே தலை காட்டக் கூடாது, தூசி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, அந்தக் கால்வாய் மேல பாலமா? நான் அளந்த கால்வாய் அது. வரைபடத்துலயே பாலம் கிடையாது. வரைபடத்துல இல்லாதது தரையில வந்த சரித்திரமே கிடையாது. பேசாம போய்ச் சோத்தப் போடு."

அடுத்த வாரம் கல்வி ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். வரும்போதே ஒரு சுற்றறிக்கையையும் கொண்டுவந்தார். அந்த ஆண்டு 'முறைசார் கடித ஆண்டு' என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பாடநூலில் உள்ள மூன்று கடிதங்களையும் முறைப்படி எழுதி, உண்மையாகவே அஞ்சலில் சேர்த்து, அதன் ரசீதை நோட்டில் ஒட்ட வேண்டும். ஆய்வாளர் பிள்ளைகள் முன் நின்று அரைமணி நேரம் பேசினார்.

"பிள்ளைகளே! கடிதம்னா என்ன? உள்ள இருக்கற விஷயம்னு நினைக்கறீங்க. இல்ல! விஷயத்தை யார் வேணாலும் எழுதிடலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, இப்படிக்கு: இந்த அஞ்சும்தான் கடிதம். நடுவுல வர்றது சும்மா இடத்தை அடைக்கறதுக்கு. நான் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எந்தக் கடிதத்தையும் 'பொருள்' தாண்டிப் படிச்சதில்ல. இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் வரல."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

பாடநூலில் முதல் கடிதம் இதுதான்: 'பழுதடைந்த பாலத்தைச் சீரமைத்துத் தர வேண்டி நகர ஆணையருக்கு விண்ணப்பம்.' படித்ததும் டீச்சர் பாடநூலோடு எழுந்தாள். ஆய்வாளரின் பின்னாலேயே படியிறங்கி ஓடினாள்.

"சார், ஒரே ஒரு சின்ன மாற்றம். எங்க கால்வாய் மேல பாலமே இல்ல. 'சீரமைத்து'ன்னு இருக்கற இடத்துல 'புதிதாகக் கட்டி'ன்னு பிள்ளைங்க எழுதிக்கட்டுமா?"

ஆய்வாளர் பாதிப் படியில் நின்றார். "பாடத்துல என்ன இருக்கு?"

"சீரமைத்து."

"அப்போ சீரமைக்கத்தான் கேக்கணும். முகவரிய மட்டும் மாத்திக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு. கட்டறதெல்லாம் எட்டாம் வகுப்புல வருது."

"இல்லாத பாலத்தை எப்படி சார் சீரமைப்பாங்க?"

"அது உள்ள இருக்கற விஷயம்மா," என்றார் ஆய்வாளர் பெருந்தன்மையாக. "அதுல நான் தலையிடறதில்ல."

ஆக, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு உட்கார்ந்து இல்லாத பாலத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி எழுதியது. டீச்சர் பதினோரு மனுவின் அனுபவத்தையும் அதில் இறக்கினாள். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து இடம் விட்டார்கள். அடித்தல் திருத்தல் வந்தால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாக மடிக்க நகத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒரு பையனின் கட்டைவிரல் நகமே தேய்ந்து போனதாகச் சொல்வார்கள். கால்வாயும் கரையும் பள்ளிக்கூடத்தின் பின்சுவரும் முகவரியில் துல்லியமாக இருந்தன. பாலம் ஒன்றுதான் இல்லை.

"பாலம் பழுதாயிடுச்சுன்னா, எந்த இடத்துல பழுதுன்னு எழுதறது டீச்சர்?" என்று கேட்டாள் குண்டூசி.

டீச்சர் பாடநூலைப் பார்த்தாள். "'பெருமளவில் பழுதடைந்துள்ளது'ன்னு போட்டிருக்கும்மா. அப்படியே எழுது."

"ஆமா, முழுக்கவே காணோம். பெருமளவுதான்," என்று திருப்தியோடு எழுதிக்கொண்டாள் அவள்.

நாற்பத்து மூன்று கடிதங்களும் ஒரே நாளில் ஸ்கேல்காரரின் ஜன்னலில் போய் விழுந்தன. அவர் முதல் கடிதத்தை அளந்தார். சரி. இரண்டாவது, சரி. பத்தாவதை இரண்டு தடவை அளந்தார் என்கிறார்கள். இருபதாவதில் தண்ணீர் கேட்டார். நாற்பத்து மூன்றாவதும் சரியாக இருந்தபோது எழுந்து நின்றுவிட்டாராம். பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலைத் தாண்டி ஒரு மனுவும் மாடி ஏறியதில்லை. எந்தப் படிக்கட்டு என்பதே மறந்துபோய், வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டுதான் ஏறினார்.

மாடியில் அதைவிடத் திண்டாட்டம். குறையில்லாத மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் போட்டே தீர வேண்டும் என்பது விதி. பதில் படிவம் அச்சடித்து வைத்திருந்தார்கள். அலுவலகம் திறந்த வருடம் அடித்தது, கட்டே பிரிக்கவில்லை. ஒரே ஒரு வகைதான் அடித்திருந்தார்கள். அதையே நாற்பத்து மூன்றுக்கும் அனுப்பினார்கள்:

'தாங்கள் குறிப்பிட்டுள்ள பணி முழுமையாக நிறைவேற்றப்பட்டு, பொதுமக்களின் நல்ல பயன்பாட்டில் உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

டீச்சர் வகுப்பில் இதைப் படித்து முடித்ததும், அக்கரைப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் ஜன்னல் பக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். மூன்று கதவும் தாழ்ப்பாளும் அப்படியே கிடந்தன.

தையல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "முன்னாடியாவது மனு சரியில்லேன்னாங்க டீச்சர். இப்போ பாலமே இருக்குன்னுட்டாங்க. இனிமே போய்க் கேட்டா, எனக்குத்தான் கண்ணு தெரியலம்பாங்க." மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று அவள் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். அதுவும் ஒன்பது கிலோமீட்டர்.

மாமனார் பச்சை மறைப்பைத் தூக்காமலேயே சிரித்தார். "சொன்னேனா? இல்லாதத ரிப்பேர் பண்ணிட்டாங்களாம்! நல்லாத்தான் கதை விடற."

அன்றிரவு டீச்சர் நோட்டுகளைத் திருத்தவில்லை. பாடநூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் கடிதம் விண்ணப்பம். இரண்டாவது, செய்து தந்த உதவிக்கு நன்றி. மூன்றாவது, விழாவுக்கு அழைப்பு.

மறுநாள் கரும்பலகையில் 'நன்றிக் கடிதம்' என்று எழுதினாள்.

"எதுக்கு டீச்சர் நன்றி?" என்றாள் குண்டூசி. "பாலந்தான் இல்லையே?"

"பெரியவங்க இருக்குன்னு கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்காங்க. நாம மரியாதையா நன்றி சொல்ல வேண்டாமா?" டீச்சர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. வாத்தியார் வேலையின் பெரிய பயிற்சி அதுதான்.

குண்டூசி ஒரு நிமிடம் டீச்சரையே உற்றுப் பார்த்தாள். பிறகு பேனா மூடியைக் கழற்றினாள். "அப்போ பாலம் ரொம்ப அழகா இருக்குன்னும் ஒரு வரி சேத்துக்கலாமா?"

"சேத்துக்கோ. வலது பக்கம் ஒரு அங்குலம் மறந்துடாத."

நன்றிக் கடிதங்கள் நகர அலுவலகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டன. அங்கே புகாருக்கு ஒரு பதிவேடு இருந்தது; நினைவூட்டலுக்கு ஒன்று, மிரட்டலுக்கு ஒன்று, பெயர் போடாத கடிதத்துக்கு இரண்டு. நன்றிக்கு இல்லை. அது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் கடிதங்கள் மூன்று நாள் மாடிக்கும் கீழுக்கும் அலைந்து, கடைசியில் நகர ஆணையரின் மேசையில் போய் இறங்கின. அவர் நாற்பத்து மூன்றையும் படித்தார். 'பொருள்' தாண்டியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் உதவியாளரைக் கூப்பிட்டு, "நாம நல்லது பண்ணியிருக்கோம்யா, நமக்கே தெரியாம!" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து மூன்றாவது பாடம் வந்தது. அழைப்புக் கடிதம் யாருக்கு எழுதலாம் என்று டீச்சர் கேட்டாள். அவளே பதில் சொல்லுமுன் குண்டூசி எழுந்தாள்.

"பாலத்தைச் சரிபண்ணித் தந்தவரையே கூப்பிடலாம் டீச்சர். அவரே வந்து நடந்து பார்க்கட்டும்."

நாற்பத்து மூன்று கடிதங்கள் போயின. 'தாங்கள் சீரமைத்துத் தந்த பாலத்தின் மீது தாங்களே முதலில் நடந்து எங்களைச் சிறப்பிக்குமாறு' கேட்டுக்கொண்டன. மூன்றாக மடித்திருந்தன. ஆணையர் அன்றே சம்மதித்துப் பதில் போட்டார். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணி.

அதற்கு மூன்றாம் நாள், மத்தியான இடைவேளையில், நகர அலுவலகத்து இன்ஜினியர் வேர்க்க விறுவிறுக்க வகுப்புக்குள் வந்தார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை.

"டீச்சரம்மா, ஒரு சின்ன சந்தேகம். கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. நாங்க சரிபண்ணோமே, அந்தப் பாலம்... அது எங்க இருக்கு?"

"என்ன சார் இது, நீங்க சரிபண்ணதை எங்களக் கேக்கறீங்க?"

"ரெண்டு நாளா கால்வாய்க் கரையிலயே நடக்கறேன்மா. செருப்பு தேஞ்சுபோச்சு. ஒரு தூண்கூடக் காணோம்."

டீச்சருக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. குண்டூசியைக் கூப்பிட்டாள். குண்டூசி இன்ஜினியரின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கரையில் நிறுத்தி, மூன்று கதவுகளைக் காட்டினாள். "இதுதான் சார். பெருமளவில் பழுதடைஞ்சிருக்கு."

இன்ஜினியர் கரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். புதிதாகப் பாலம் கட்ட வேண்டுமென்றால் ஒன்பது முத்திரை வேண்டும். ஒன்பதாவது முத்திரையை வைத்திருப்பவர் போன வருடமே ஓய்வு பெற்றுவிட்டார், முத்திரை அவரோடு போய்விட்டது. ஆனால் பழுதுபார்க்க ஒரே ஒரு சுருக்கொப்பம் போதும். அதுவும் பதில் படிவத்திலேயே ஏற்கெனவே போட்டாயிற்று.

"இந்தக் கதவுங்க பாலத்தோட மிச்சப் பகுதின்னு எழுதிக்கலாமா?" என்றார் மெல்ல, தனக்குத்தானே.

"தாழ்ப்பாளையும் சேத்துக்கோங்க சார்," என்றாள் குண்டூசி. "அதுதான் என் கைய ஒடைச்சுது."

மறுநாளே வேலை ஆரம்பித்தது. கம்பி வந்தது, ஜல்லி வந்தது, கலவை இயந்திரம் வந்து வகுப்பில் ஒரு வார்த்தை காதில் விழாமல் செய்தது. இருபத்திரண்டு நாள். கோப்பில் அத்தனையும் 'மிச்சப் பகுதியின்மேல் சிறு பூச்சு வேலை' என்று ஏறியது. ஸ்கேல்காரர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவரின் இரண்டு பக்கமும் சரிசமமாக இடம் விட்டிருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போனார். அவருக்கும் ஒரு பாசம் வந்துவிட்டது.

பதினான்காம் தேதி ஆணையர் வந்தார், ஆய்வாளர் வந்தார், நாற்காலி வந்தது. ஆணையர் பாலத்தில் நடந்துபோய்த் திரும்பி வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்க அலுவலகத்தைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. வேலையே நடக்கறதில்லங்கறாங்க. இதோ, பாருங்க! எப்பவோ சரிபண்ண பாலம், நேத்துப் போட்ட மாதிரி இருக்கு. தொட்டா கையில ஒட்டுது, அவ்வளவு புதுசு!"

பின்னால் நின்ற இன்ஜினியர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் தன் பங்குக்கு, கடிதத்தின் உள்ளே என்ன இருந்தாலும் வெளியே சரியாக இருந்தால் நாடு முன்னேறும் என்பதற்கு இதுவே சான்று என்றார். அவர் சொன்னதில் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லாததுதான் டீச்சருக்கு வருத்தம்.

வீட்டில் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னபோது, மாமனார் ஒரு வரியைக்கூட நம்பவில்லை. "கட்டினாங்களாம், நடந்தாராம், கையில ஒட்டுச்சாம்! கண்ணு தெரியாதவன்னு நினைச்சு எதையாவது அளந்துவிடு."

"வந்து பாருங்க மாமா."

"டாக்டர் விடட்டும். வந்து பாத்துட்டு அப்புறம் உன்னக் கேக்கறேன்."

டாக்டர் விட்ட அன்றைக்குத்தான் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. மாமனார் கறுப்புக் கண்ணாடியும் குடையுமாக நேரே நகர அலுவலகத்துக்குப் போனார். ஓய்வு பெற்ற ஆளாயிற்றே, பழைய பழக்கத்தில் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு இரும்பு டேப்போடு கால்வாய்க் கரைக்கு வந்து சேர்ந்தார். பள்ளி விடுகிற நேரம். பாலத்தின் இந்த முனையில் டீச்சர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்த முனையில் தையல்காரி, வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. கடைசியாக வந்த குண்டூசி, கிழவரின் டேப்பின் நுனியை அவர் கேட்காமலேயே வாங்கிக்கொண்டு அக்கரைக்கு ஓடினாள்.

"பத்தொன்பது!" என்று கத்தினாள் தையல்காரி, மழைக்கு மேலே.

மாமனார் டேப்பைப் பார்த்தார். இழுத்துப் பிடித்து மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"என்ன மாமா?"

"இருபத்திரண்டு அடி நாலு அங்குலம்," என்றார். "ஆபீஸ்ல முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன்மா. இந்தப் பாலத்தை யாரும் கட்டினதா ஒரு பதிவும் இல்ல. எந்த வருஷத்துலயும் இல்ல. ஆனா நிக்குது."

மழையில் நனைந்த டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"அப்போ உன் பிள்ளைங்க எழுதித்தான் கட்டியிருக்கு. வேற வழியே இல்ல. ஒத்துக்கறேன்."